கிணற்றுப் பங்கும் கையுயர்த்தலும்

நீர்வேலிச் செம்மண்ணில் வாழை வைத்தவர்களுக்குத் தண்ணீர் முறையைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. பிறவூரவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே ஒரு கிணற்றைப் பலர் பங்காக ஆள்வார்கள். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்பதே முறை. தோட்டக்காணியின் உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும்.

எங்கள் கிணற்றுக்கு நாலு பங்குக்காரர். என் பேரனார் காலத்தில், மழை பொய்த்த ஒரு வருடம், மூவர் கூடி நாலாவது பங்குக்காரியான விதவையின் முறையைத் தமக்குள் பிரித்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். மூன்றுக்கு ஒன்று. அந்த மூவரில் பேரனாரும் ஒருவர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆச்சி வாதாடவில்லை. பெட்டகத்தைத் திறந்து உறுதியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாராம். மூவரும் எழுந்து போய்விட்டார்கள்.

இந்நாட்டுச் சட்டங்களின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்த உறுதி என் நினைவுக்கு வருகிறது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவும் அப்படியொரு உறுதிதான். ஏனைய சமூகங்களுக்கு இல்லாத தடைகளை ஒரு சமூகத்தின்மேல் மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக்கூடாது என்றது அது. அரசியலமைப்பைத் திருத்துவதானால் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரு பங்கினர் வேண்டும். 101 பேர் கொண்ட சபையில் அது 68. 1956 ஜூனில் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதாவுக்குக் கிடைத்தவை 66 வாக்குகள், எதிராக 29. எங்கள் கோப்பாய்த் தொகுதியின் கு. வன்னியசிங்கம் அவர்களின் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் எதிர்த்தன. இதை நம்மவர் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் சாதாரண சட்டமாக அது நிறைவேறிற்று.

உறுதியைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனவர் அரசாங்க எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த கோடீஸ்வரன். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி டி கிறெட்சர், அந்தச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது, செல்லாது என்று தீர்த்தார். 1967இல் உயர் நீதிமன்றமோ, அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி, முக்கிய கேள்வியைத் தொடாமலே விட்டது. 1969இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வழக்குத் தொடரலாம், அரசியலமைப்புக் கேள்வியை விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. விசாரிக்கப்படவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை. தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று எழுத 1987 வரை, 13ஆம் திருத்தம் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றும் உண்டு. பெரும்பான்மை முறையைப் பறிப்பதோடு நிற்பதில்லை. பங்குக்காரர் யாரென்பதையே மாற்றிவிடும். 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அதைச் செய்தன. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1952இல் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் கையுயர்த்திச் சட்டம் செய்வதே பிழையா? அப்படிச் சொல்ல என் நா எழவில்லை. எங்கள் கிணற்றுக்கு வெளியே, வேலியோரம், குடத்துடன் சிலர் நிற்பார்கள். கிணற்றுக்கட்டில் அவர்கள் ஏறக்கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். அவர்களுடைய பெயர் எந்த உறுதியிலும் இல்லை. ஊர்ப் பெரும்பான்மையும் அவர்களுக்காகக் கையுயர்த்தியதில்லை. சாதியைக் காட்டி ஒருவரை மறிப்பதைக் குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சிங்களம் மட்டும் என்று கையுயர்த்திய அதே சபையிலிருந்துதான் வந்தது.

உறுதியைக் காட்டித் தன் முறையைக் காத்த அந்த ஆச்சியும் அவர்களைக் கிணற்றுக்கட்டில் ஏறவிடவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.