பதுளைக்காரரும் பாலைவனமும்

எங்கள் சித்தப்பா பத்து வருடம் தம்மாமில் இருந்தவர். கீரனூருக்கு வரும்போது பெட்டி நிறைய சாமான் வரும், பாலைவனக் கதை மட்டும் வராது. கேட்டால், "மணலைத் தவிர அங்க என்னடா இருக்கு?" என்பார். அந்த மணலுக்குள் என்னதான் இருக்கிறது என்று தேடப் போய் நான் மாட்டிய ஆள்தான் ஃபில்பி.

ஹாரி செயின்ட் ஜான் ஃபில்பி 1885-ல் இலங்கையில் பதுளையில் பிறந்தவர். தேயிலைத் தோட்டக்காரரின் மகன். மழை ஓயாத மலையில் பிறந்தவருக்கு ஆசை வந்ததோ ருப் அல் காலி மேல்! அரேபியாவின் தெற்கே இருக்கும் மாபெரும் மணல்காடு அது. பஞ்சாபில் ஐ.சி.எஸ். அதிகாரி, பிறகு அரேபியா, 1930-ல் இஸ்லாத்தைத் தழுவி மன்னர் இப்னு சவூதுக்கு நெருக்கம். மன்னரின் அனுமதிக்குக் காத்திருந்த நேரத்தில், பெர்ட்ரம் தாமஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயர் 1931-ல் முந்திக்கொண்டு கடந்துவிட்டார். பாவம் மனுஷன், நொந்தே போய்விட்டாராம்.

1932 ஜனவரியில் ஹஃபூஃப் பக்கமிருந்து இவரும் கிளம்பினார். வழி காட்டியவர்கள் அல் முர்ரா என்ற பெதூயின் இனத்தவர். ஆட்டு மயிரில் பெண்கள் நெய்த கறுப்புக் கூடாரம்தான் அப்போது இவர்களுக்கு வீடு. எங்கே மழை பெய்ததோ அங்கே குடும்பத்தோடு நகர்வார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் ஒட்டகப் பால்தான் தண்ணீர். மணலில் தடத்தைப் பார்த்தே எந்த ஒட்டகம் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கம் கோடையில் வயலில் கிடை போட வரும் கீதாரிகள் நினைவுக்கு வருகிறார்களா? எனக்கு வந்தார்கள்.

கடவுளின் கோபத்தில் எரிந்த வபார் நகரம் மணலுக்குள் இருப்பதாக ஒரு கதை. அலி ஜஹ்மான் என்ற முர்ரா வழிகாட்டி ஃபில்பியை அங்கே கூட்டிப்போனார். நகரத்தைக் காணோம், பெரிய பள்ளங்கள்தான் இருந்தன. கூட வந்தவர்கள் கறுப்புக் கண்ணாடி மணிகளை அந்தக்கால ராணிகளின் முத்து என்று பொறுக்கினார்கள். கடைசியில் பார்த்தால் அது விண்கல் விழுந்த இடம்!

மேற்கே கடக்கும் முதல் முயற்சியில் ஒட்டகங்கள் தளர்ந்து திரும்ப வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் ஃபில்பி கூட வந்தவர்களைக் குறை சொல்லிப் புலம்புகிறார். எனக்கென்னவோ அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒட்டகம் செத்தால் எல்லோரும் செத்தார்கள், அதை அவருக்கு யார் புரியவைப்பது? இரண்டாம் முறை சுமார் 600 கி.மீ. கிணறே இல்லாத வழியைக் கடந்து மார்ச் 14-ல் சுலைய்யில் சேர்ந்தார்கள்.

நிற்க. காமர்ஸ் மாணவன் என்பதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1933 மே மாதம் சவூதி எண்ணெய் ஒப்பந்தம் கையெழுத்தானது. வாங்கியது கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில், அவர்களுக்கு ஆலோசகர் நம்ம ஃபில்பியேதான். முதல் தொகை 35,000 தங்க சவரன். 1938-ல் தம்மாம் 7-ஆம் கிணற்றில் எண்ணெய் கொட்டியது. அதற்கப்புறம் பெதூயின்கள் லாரிக்கு மாறினார்கள், எங்கள் தெரு ஆட்கள் விமானம் ஏறினார்கள்.

இதையெல்லாம் சொன்னபோதுதான் சித்தப்பா வாயைத் திறந்தார். ஹஃபூஃப் போகும் வழியில் ஒருமுறை வேன் நின்றுபோய், நடு மதியம், தண்ணீரும் தீர்ந்துவிட்டதாம். தூரத்தில் ஒரு கூடாரம், பக்கத்தில் டொயோட்டா பிக்கப். அங்கிருந்த பெரியவர் நாலு பேரையும் உட்காரவைத்து, ஒட்டகப் பால் கொடுத்து, பிறகு பிக்கப்பில் ஏற்றி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வரை கொண்டுவிட்டாராம். காசு கொடுத்ததற்குக் கோபப்பட்டாராம்.

"அவர் பேரு என்ன சித்தப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "கேக்கலையேடா" என்றார்.