வாஷர்-டிரையர் இருக்கா? டிரம்மை மட்டும் இல்ல, பஞ்சையும் கவனிங்க!

ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா சென்னை ஃப்ளாட்கள்ல ஒரு காட்சியைத் தவிர்க்கவே முடியாது. பால்கனி கொடியில் மூணு நாளா காயாத ஜீன்ஸ், ஹால் ஃபேனுக்குக் கீழே நாற்காலிகள்ல விரிச்சுப் போட்ட ஸ்கூல் யூனிஃபார்ம். இந்தத் தலைவலிக்காகவே துவைக்கிறது, காயவைக்கிறது ரெண்டையும் ஒரே டிரம்மில் முடிக்கிற வாஷர்-டிரையரை வாங்குறாங்க. முதல் வருஷம் ஜோரா ஓடும். அப்புறம் புகார் ஆரம்பிக்கும். ‘நாலு மணி நேரம் ஓடியும் துணி ஈரமாவே இருக்கு’, ‘கறுப்பு டி-ஷர்ட் முழுக்க வெள்ளைப் பஞ்சு’, ‘கதவைத் திறந்தாலே ஊறவெச்சு மறந்த துணி மாதிரி நாத்தம்.’

பல வீடுகள்ல மெஷின் கெட்டுப்போயிருக்காது. துவைக்கிற பாதியைச் சுத்தம் பண்ணிட்டு, காயவைக்கிற பாதியை அப்படியே விட்டிருப்பாங்க.

பஞ்சு எங்கே போகுது?

தனி டிரையர்ல லின்ட் ஃபில்டர்னு ஒரு வலை இருக்கும். ஒவ்வொரு தடவையும் அதுல சேர்ற பஞ்சைக் கையால எடுத்துப் போட்டுடலாம். நம்ம வீடுகள்ல இருக்கிற வாஷர்-டிரையர்கள் பலதுல அப்படி ஒரு வலையே கிடையாது. ஹீட்டர் சூடாக்குற காற்றை ஒரு ஃபேன் டிரம்முக்குள்ள தள்ளும். துணியில இருந்து கிளம்புற நீராவி கண்டென்சருக்குப் போகும். அங்கே குழாயில் வர்ற பச்சைத் தண்ணியால குளிர்ந்து மறுபடியும் தண்ணியாகி, டிரெயின் பைப் வழியா வெளியே போயிடும். உதிர்ற பஞ்சும் அந்தத் தண்ணியோடவே போகணும்ங்கிறதுதான் ஏற்பாடு.

ஆனா எல்லாப் பஞ்சும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஈரப் பஞ்சு, கரையாத சோப்பு, உப்புத் தண்ணியின் சுண்ணாம்பு மூணும் சேர்ந்து கண்டென்சர் பாதையில் களி மாதிரி அப்பிக்கும். காற்றோட்டம் குறையும், காயுற நேரம் கூடும், கரன்ட் பில் ஏறும்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. இந்த வகை மெஷினுக்குக் காயவைக்கும்போதும் தண்ணி வேணும். ‘துவைச்சு முடிச்சாச்சே’ன்னு குழாயை மூடினா துணி சரியா காயாது. சித்திரை வெயில்ல மொட்டைமாடி டேங்க் தண்ணியே கொதிக்கிற மாதிரி வந்தாலும் இதே கதைதான், நீராவியைக் குளிர்விக்க முடியாம மெஷின் திணறும். கோடையில் காலையிலேயே ஓட்டுறது நல்லது. (கோடையில் எதுக்கு டிரையர், கொடி இருக்கேன்னு கேட்டா, அதுவும் நியாயமான கேள்விதான்.) தண்ணி இல்லாம காற்றாலேயே குளிர்விக்கிற மாடல், ஹீட் பம்ப் மாடல், ஃபில்டரோட வர்ற மாடல் எல்லாமும் இருக்கு. உங்களுடையது எதுன்னு மேனுவலின் முதல் சில பக்கங்களே சொல்லிடும்.

காயவைச்ச பிறகு அஞ்சு நிமிஷம்

டவல், போர்வை மாதிரி பஞ்சு உதிர்ற துணியைக் காயவைச்சா, துணியை எடுத்ததும் காலி மெஷின்ல ஒரு ரின்ஸ் ஓட்டுங்க. உள்ளே ஒட்டியிருக்கிற பஞ்சு அலசிப் போயிடும். சில மாடல்கள்ல இதுக்குன்னே தனி புரோகிராம் இருக்கு. அப்புறம் கதவைச் சுத்தியிருக்கிற ரப்பரின் மடிப்பை விரிச்சு, ஈரத் துணியால துடைங்க. பஞ்சு, முடி, ஊக்கு, சில சமயம் தொலைஞ்சுபோன ஒத்தை சாக்ஸ் வரைக்கும் அங்கேதான் கிடைக்கும். துடைச்சதும் கதவையும் சோப்பு டிராயரையும் கொஞ்சம் திறந்தே வைங்க. மூடி வெச்ச ஈரம்தான் கறுப்புப் பூஞ்சைக்குக் காரணம். சின்னக் குழந்தைங்க இருக்கிற வீடுன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு, பாத்ரூம் அல்லது யூட்டிலிட்டி கதவைச் சாத்தி வைங்க. டிரம்முக்குள்ள குழந்தை ஏறி விளையாடுற ஆபத்து நிஜமானது.

கீழே இருக்கிற சின்னக் கதவு

மெஷினின் முன்பக்கம் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதுக்குள்ளதான் டிரெயின் ஃபில்டர். மாசத்துக்கு ஒரு தடவையாவது இதைத் திறக்கணும். பலர் சர்வீஸ் ஆள் வர்ற வரைக்கும் தொடுறதே இல்லை. முதல்ல சுவிட்சை அணைச்சு பிளக்கைப் பிடுங்குங்க. சுடுதண்ணி புரோகிராம் ஓடியிருந்தா தண்ணி ஆறும் வரை காத்திருங்க, இல்லைன்னா கையில கொட்டிடும். தாழ்வான ஒரு தட்டை அடியில் வெச்சு, பக்கத்துல சின்ன குழாய் இருந்தா அது வழியா தண்ணியை வடிங்க. அப்புறம் ஃபில்டரை மெதுவா இடப்பக்கமா திருகி எடுத்து, குழாயடியில் பழைய டூத்பிரஷ் போட்டுத் தேய்ங்க. ஃபில்டர் இருந்த குழிக்குள்ளேயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. காசோ ஹேர்பின்னோ சிக்கியிருக்கலாம். திரும்ப இறுக்கி மூடலைன்னா அடுத்த வாஷ்ல தரையெல்லாம் தண்ணிதான்.

உப்புத் தண்ணி வீடுகளுக்கு

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லைன்னா 600 வரை அனுமதிக்கலாம்னு சொல்லுது. குழாய் முனையில் வெள்ளையா பூத்திருந்தா, பக்கெட்ல சோப்பு நுரைக்கவே மாட்டேன்னா, உங்க தண்ணி கடினத் தண்ணி. அதைச் சூடாக்கினா சுண்ணாம்பு இன்னும் வேகமா படியும், அதுவும் நேரா ஹீட்டர் மேலயே.

மாசம் ஒருமுறை காலி டிரம்மில் 60 டிகிரி அல்லது அதுக்கு மேல டப் கிளீன் ஓட்டுங்க. போர்வெல் தண்ணின்னா ரெண்டு, மூணு மாசத்துக்கு ஒருமுறை மெஷின் கம்பெனி ஏத்துக்கிற டீஸ்கேலிங் பவுடரையும் போடுங்க. யூடியூப்ல சொல்ற மாதிரி ஒவ்வொரு வாரமும் வினிகர் ஊத்துறது எனக்கு உடன்பாடில்லை. அமிலம் அடிக்கடி பட்டா ரப்பர் பாகங்கள் பழுதாகலாம். அதைவிட முக்கியம், பிளீச்சையும் வினிகர், சிட்ரிக் ஆசிட் மாதிரியானதையும் ஒண்ணா போட்டுடாதீங்க. குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து.

சோப்பும் அளவோட இருக்கட்டும். முன்பக்கக் கதவு மெஷினுக்கு நுரை குறைவா வர்ற டிடர்ஜென்ட்தான் சரி. கூடுதலா போட்டா துணி வெளுக்காது, கசடுதான் கூடும்.

8/5-ன்னா என்ன?

மெஷின் மேல 8/5-னு போட்டிருந்தா 8 கிலோ துவைக்கலாம், 5 கிலோதான் காயவைக்கலாம். துணி ஈரமாவே வர்றதுக்கு இதைக் கவனிக்காம விடுறதும் ஒரு முக்கியக் காரணம். இது உலர்ந்த துணியின் எடைக் கணக்கு. ஒரு ஜீன்ஸே அரை கிலோவுக்கு மேல வரும். முழு லோடு துவைச்சா பாதியில் கொஞ்சத்தை வெளியே எடுத்துட்டு மிச்சத்தைக் காயவையுங்க.

எண்ணெய்க் குளியல் துண்டு வேண்டாம்

அமெரிக்க தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான துணி டிரையர் தீ விபத்துகளை ஆராய்ஞ்சப்போ, முதல் இடத்துல வந்த காரணம் சுத்தம் செய்யாம விட்டது, 34 சதவிகிதம். அங்கே பயன்படுத்துறது பெரும்பாலும் காற்றை வெளியே விடுற தனி டிரையர், நம்ம மெஷின் வேற வகை. ஆனா சூடும் பஞ்சும் இங்கேயும் இருக்கு.

நம்ம வீடுகளுக்கே உரிய ஆபத்து எண்ணெய். நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச துண்டு, அடுப்படி கரித்துணி இதெல்லாம் ஒரு வாஷ்ல முழுசா எண்ணெய் விட்டுப்போகாது. மிச்சமிருக்கிற எண்ணெய் காற்றுல இருக்கிற ஆக்ஸிஜனோட சேரும்போது தானாகவே சூடாகும். டிரையர்ல சூடாகிக் குவிஞ்சு கிடக்கும்போது அந்தச் சூடு வெளியேற வழியில்லாம, தீப்பிடிக்கிற அளவுக்கும் போகலாம். தீபாவளி துண்டுகளைச் சுடுதண்ணியில் நல்லா துவைச்சு, மழையா இருந்தாலும் ஃபேன் காற்றுலயே உலர்த்துங்க. பெட்ரோல், தின்னர் பட்ட துணி, ஃபோம் தலையணை, அடியில் ரப்பர் வெச்ச கால்மிதி எதையும் காயவைக்கப் போடாதீங்க.

காயவைக்கும்போது நடுவுல கரன்ட் போனா? கடைசியில் துணியை ஆறவைக்கிற கட்டம் நடக்காமலே சூடான துணி குவியலா கிடக்கும். கரன்ட் வந்து கதவு லாக் விடுபட்டதும் துணியை எடுத்து விரிச்சுப் போடுங்க. சூடா இருக்கும், கை பத்திரம்.

இவ்வளவும் செஞ்சும் துணி காயலைன்னா, கண்டென்சர் பாதையும் ஃபேனும் அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம். சர்வீஸுக்கு ஃபோன் பண்ணும்போதே ‘டிரையிங் டக்ட்டையும் ஃபேனையும் கழட்டிச் சுத்தம் பண்ணணும்’னு தெளிவா சொல்லிடுங்க. இல்லைன்னா ஒரு டீஸ்கேலிங் பாக்கெட்டை வித்துட்டு, அதுக்கு ஒரு பில்லையும் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. மேல் மூடியை நீங்களே கழட்டிடாதீங்க, ஷாக் அடிக்கலாம், வாரன்டியும் செல்லாமப் போகலாம்.