21-ம் நாள் ரத்தப் பரிசோதனை: எல்லாப் பெண்களுக்கும் 21-ம் நாள்தானா? புரோஜெஸ்ட்ரோன் அளவு சொல்வது என்ன?

கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடம் ஆகியும் குழந்தை இல்லை என்று மருத்துவரைப் பார்க்கப் போகும் பெண்களுக்கு எழுதிக் கொடுக்கப்படும் டெஸ்ட்களில் ஒன்று, '21-ம் நாள் புரோஜெஸ்ட்ரோன்'. அதில் அளவு குறைவு என்று வந்துவிட்டால் "ஹார்மோன் கம்மியாம்" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். ஆனால் பல நேரங்களில் தவறு ஹார்மோனில் இல்லை; ரத்தம் எடுத்த நாளில் இருக்கிறது.

புரோஜெஸ்ட்ரோன் என்றால் என்ன?

சினைப்பையில் இருந்து கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடத்தில் 'கார்பஸ் லூட்டியம்' என்ற மஞ்சள் நிறத் திசு உருவாகிறது. இதுதான் புரோஜெஸ்ட்ரோனைச் சுரக்கிறது. கரு ஒட்டி வளர்வதற்கு ஏற்றபடி கருப்பையின் உள்சுவரைத் தயார் செய்வது இந்த ஹார்மோனின் வேலை. கரு தங்கவில்லை என்றால் சுமார் 14 நாட்களில் மஞ்சள் திசு சுருங்கும், ஹார்மோன் அளவு இறங்கும், மாதவிலக்கு வரும்.

எந்த நாளில் எடுக்க வேண்டும்?

கருமுட்டை வெளியாகி ஏறக்குறைய 7-வது நாளில் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அதாவது, அடுத்த பீரியட்ஸ் வருவதற்கு சுமார் 7 நாட்களுக்கு முன்பு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மட்டுமே அது 21-ம் நாள்.

உதாரணமாக, புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வக்கோட்டையில் வசிக்கும் ஒரு பெண்ணுக்கு 35 நாட்களுக்கு ஒருமுறை பீரியட்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 21-ம் நாள் பஸ் ஏறி தஞ்சாவூர் போய் ரத்தம் கொடுத்தால், அன்றுதான் அவருக்குக் கருமுட்டையே வெளியாகிக்கொண்டிருக்கும். ரிசல்ட் குறைவாகத்தான் வரும். அவர் போக வேண்டியது 28-ம் நாள். 26 நாள் சுழற்சி என்றால் 19-ம் நாள்.

சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு, அடுத்த பீரியட்ஸ் வரும் வரை வாரம் ஒருமுறை பரிசோதிக்க மருத்துவர் சொல்லலாம். இந்த டெஸ்டுக்கு மட்டும் என்றால் பொதுவாக வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை.

எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால், கருமுட்டை வெளியாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சரியான நாளில் 10-க்கு மேல் இருந்தால் நல்ல அளவு என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் இந்த ஹார்மோன் ஒரே சீராகச் சுரப்பதில்லை, விட்டு விட்டுச் சுரக்கிறது. 1984-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான பெண்களிடம் 10 நிமிட இடைவெளியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, அளவு 2.3-க்கும் 40.1-க்கும் இடையே ஏறி இறங்கியது தெரியவந்தது. அதனால் "கருமுட்டை வெளியானதா?" என்ற கேள்விக்கு இந்த டெஸ்ட் பதில் சொல்லும். "ஹார்மோன் போதுமா?" என்பதை ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய முடியாது.

குறைவு என்று வந்தால் என்ன செய்வது?

பதற வேண்டாம். அந்த மாதம் பீரியட்ஸ் எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள். ரத்தம் கொடுத்து சுமார் 7 நாளில் வந்திருந்தால், எடுத்த நாள் சரி. இரண்டு வாரம் கழித்து வந்திருந்தால், டெஸ்ட் முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்கிறது. மறுபடி எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சரியான நாளில் எடுத்தும் குறைவு என்றால் தைராய்டு, புரோலாக்டின், பிசிஓஎஸ் போன்றவை காரணமா என்று மருத்துவர் பார்ப்பார். தானாக மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. ஏற்கெனவே ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

கணவருக்கும் டெஸ்ட் உண்டு

குழந்தையின்மைக்குக் காரணம் ஆணிடமும் இருக்கலாம். பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கும்போதே கணவருக்கு விந்தணு பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. 35 வயதுக்குக் குறைந்த பெண்கள் ஒரு வருடம் முயன்ற பிறகும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதத்திலும் மருத்துவரைப் பார்க்கலாம்.

போகும்போது, கடந்த சில மாதங்களில் பீரியட்ஸ் தொடங்கிய தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். டெஸ்ட் எடுக்கச் சரியான நாள் எது என்பதை அந்தத் தேதிகள்தான் சொல்லும்.