வாக்களியாமையின் எடை: நீதிபதி வி. இராமசாமி பதவிநீக்கத் தீர்மானமும் (1993) திண்டிவனம் – விழுப்புரம் தொகுதிப் பின்புலமும்

முன்னுரை

உயர்பதவியில் இருப்போரைச் சட்டமன்றமே விசாரித்து நீக்கும் மரபு இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் வளர்ந்ததாகும். சென்னை ஆட்சிக்குழுவில் பணியாற்றிப் பின்னர் வங்காளத்தின் தலைமை ஆளுநரான வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை 1788-இல் தொடங்கி, 1795-இல் அவர் விடுவிக்கப்பட்டதுடன் முடிந்தது. இந்திய அரசமைப்பு இம்மரபை ஏற்றபோதிலும் அதன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. சுதந்திர இந்தியாவில் மக்களவையில் வாக்கெடுப்பு வரை சென்ற முதல் நீதிபதி பதவிநீக்கத் தீர்மானம் தமிழகத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றியது. அத்தீர்மானம் எவ்வாறு தோற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்ட வழிமுறை

குடியரசுத் தலைவர் மீதான குற்றச்சாட்டு விசாரணையை அரசமைப்பின் 61-ஆவது உறுப்பும், உச்ச நீதிமன்ற நீதிபதியின் நீக்கத்தை 124(4)-ஆவது உறுப்பும் வரையறுக்கின்றன. நீதிபதிகள் (விசாரணை) சட்டம், 1968-இன்படி மக்களவை உறுப்பினர் 100 பேரோ மாநிலங்களவை உறுப்பினர் 50 பேரோ கையொப்பமிட்டுத் தீர்மானம் அளித்தல் வேண்டும். அது ஏற்கப்பட்டால் மூவர் குழு விசாரிக்கும். குழு குற்றத்தை உறுதி செய்த பின்னரே அவை வாக்களிக்கும். தீர்மானம் நிறைவேற இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவையின் மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையோர் ஆதரித்தல் ஒன்று. வந்திருந்து வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தல் மற்றொன்று.

தீர்மானத்தின் பயணம்

பஞ்சாப் – அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த காலத்தில், அலுவல் இல்லத்திற்காகப் பொதுப்பணத்தை முறையின்றிச் செலவிட்டார் என்பது வி. இராமசாமி மீது கூறப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டாகும். 108 உறுப்பினர்கள் அளித்த தீர்மானத்தை 1991 மார்ச் 12 அன்று அவைத்தலைவர் ரபி ராய் ஏற்றார். மறுநாளே மக்களவை கலைக்கப்பட்டது. அவை கலைந்தாலும் தீர்மானம் காலாவதியாகாது என உச்ச நீதிமன்றம் அவ்வாண்டிலேயே தீர்ப்பளித்தது. நீதிபதி பி. பி. சாவந்த் தலைமையிலான குழு 14 குற்றச்சாட்டுகளுள் 11-இல் அவரைக் குற்றவாளியாகக் கண்டது.

1993 மே மாதம் மக்களவையில் சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். நீதிபதியின் சார்பில் கபில் சிபல் அவை முன் வாதிட்டார். மே 11 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 196, எதிர்ப்பு ஒன்றுமில்லை, வாக்களிக்காதோர் 205. இவ்வாறு விலகியோர் ஆளும் காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளும் ஆவர்.

எண்ணிக்கையின் பொருள்

வாக்களித்தோர் அனைவரும் ஆதரித்தமையால் இரண்டாம் நிபந்தனை நிறைவேறியது. மொத்தம் 545 இடங்களுக்கு 273 வாக்குகள் தேவைப்பட்டதால் முதல் நிபந்தனையே தவறியது. குறைவு 77 வாக்குகள். எனவே விலகி நிற்றல் நடுநிலையாக அமையவில்லை. எதிர்வாக்கின் பயனையே அளித்தது. எதிர்த்து வாக்களிப்பவர் அதற்கு விடை கூறக் கடமைப்படுகிறார். விலகியவர்க்கு அக்கடமை வெளிப்படையாக எழுவதில்லை.

தொகுதிப் பின்புலம்

1991 தேர்தலில் காங்கிரஸ் – அ.தி.மு.க. கூட்டணி திண்டிவனம் உள்ளிட்ட தமிழகத்தின் 39 தொகுதிகளையும் வென்றது. அவ்வனைவரும் ஆதரித்திருப்பினும் வாக்குகள் 235-ஐத் தாண்டியிரா. ஆயினும் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த திண்டிவனம், விழுப்புரம் பகுதி வாக்காளர், தீர்மானத்தை ஒருமனதாக ஆதரித்த எதிரணியின் குரலை இந்த மாநிலத்துப் பிரதிநிதிகள் வழியே கேட்க வாய்ப்பின்றிப் போயினர் என்பது கருதத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் விழுப்புரம் தனி மாவட்டமானது. 2008 மறுவரையறைக்குப் பின் திண்டிவனம் மக்களவைத் தொகுதி நீங்கி, விழுப்புரம் தனித்தொகுதி உருவானது.

முடிவுரை

2011-இல் நீதிபதி சௌமித்ர சென் மீதான தீர்மானத்தை மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவை எடுத்துக்கொள்ளுமுன் அவர் பதவி விலகினார். விசாரணைக் குழுவின் கண்டறிதல் எத்துணை உறுதியாயினும், இறுதி முடிவு அரசியல் வாக்கைச் சார்ந்தே அமையும் என்பதை 1993 நிகழ்வு காட்டுகிறது. நீதித்துறையின் சுதந்திரத்தைக் காக்க உயர்த்தப்பட்ட வரம்பு, மௌனத்தையும் காக்கும் அரணாகலாம் என்பதே அதன் படிப்பினை எனலாம்.