பி-சீரிஸ் இன்ஜினுக்குக் கேம்ஷாஃப்ட் தேர்வு

பழைய கார் இன்ஜினைப் புதுப்பிக்கும்போது, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையும் எழும் உயரத்தையும் முடிவுசெய்யும் தண்டைத் தேர்ந்தெடுப்பது கேம்ஷாஃப்ட் தேர்வு எனப்படும். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதன் 1798 சி.சி. வடிவம் 1962 முதல் 1980 வரை எம்ஜிபி கார்களில் இருந்தது, 1489 சி.சி. வடிவம் இந்தியாவின் அம்பாசடரை ஓட்டியது.

அமைப்பு

இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ளது. டைமிங் செயின் அதைச் சுழற்றுகிறது. கிராங்க்‌ஷாஃப்ட் இருமுறை சுற்றினால் இது ஒருமுறை சுற்றும். கேமின் அசைவு டேப்பெட், புஷ்ராடு, ராக்கர் வழியாக வால்வைச் சேர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரும் ஆயில் பம்பும் இதே தண்டிலிருந்துதான் இயங்குகின்றன.

மூல அளவுகள்

தொடக்ககால எம்ஜிபியில் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சியை அடைய 16 டிகிரி இருக்கையில் திறந்து, அடிநிலையைத் தாண்டி 56 டிகிரியில் மூடும். எக்ஸாஸ்ட் வால்வு அடிநிலைக்கு 51 டிகிரி முன்பே திறந்து, உச்சியைத் தாண்டி 21 டிகிரியில் மூடும். ஆக, ஒவ்வொன்றும் 252 டிகிரி திறந்திருக்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருப்பது 37 டிகிரி.

தேர்வு

திறப்புக் காலம் நீள நீள, அதிக வேகத்தில் சக்தி கூடும். குறைந்த வேகத்தில் இழுவை குறையும். இன்லெட் வால்வு தாமதமாக மூடும்போது, மெதுவாக ஓடும் இன்ஜினில் உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதி திரும்பி வெளியேறுவதே காரணம். இதை ஈடுகட்டக் கம்ப்ரஷன் விகிதத்தை உயர்த்த வேண்டும். கார்புரேட்டர் ஊசி, இக்னிஷன் அமைப்பு, வால்வு ஸ்பிரிங் ஆகியவற்றையும் பார்த்து மாற்ற வேண்டும். பி-சீரிஸில் இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே இன்லெட் துளையைப் பகிர்வதால், நீண்ட திறப்புக் கால கேம் பொருத்தினால் ஐடிலிங் எளிதில் தடுமாறும். ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடும் காருக்கு மூல கேமோ அதைவிடச் சற்றே கூடிய கேமோ போதும். பந்தயக் கேம், பந்தயத்துக்கென்றே முழுதாகக் கட்டப்பட்ட இன்ஜினில்தான் பலன் தரும்.

இரு தயாரிப்பாளர்களின் கேம்களை ஒப்பிடும்போது, இரண்டின் டிகிரி கணக்கும் ஒரே உயரத்தில் எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வால்வு எழத் தொடங்கும் இடத்திலிருந்து எண்ணினால் ஒரு விடை வரும், டேப்பெட் 0.050 அங்குலம் எழுந்த பின் எண்ணினால் அதைவிடச் சிறிய விடை வரும்.

பொருத்துதல்

புதிய கேமுக்குப் புதிய டேப்பெட்டே போட வேண்டும். பழையதன் தேய்ந்த முகம் புதிய கேமைத் தின்றுவிடும். டைமிங் செயின் சக்கரங்களில் உள்ள குறிகளை மட்டும் நம்பாமல், டிகிரி வட்டும் டயல் கேஜும் கொண்டு டைமிங்கை அளப்பது நல்லது. கேமின் எழுச்சி கூடுதலாக இருந்தால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் பசை வைத்துச் சோதிக்க வேண்டும்.

கேம் முனைகளிலும் டேப்பெட் முகங்களிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவி, துத்தநாகச் சேர்மம் போதிய அளவுள்ள ஆயில் ஊற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்கில் விடாமல், நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்று வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுவது வழக்கம். இரு உலோகப் பரப்புகளும் ஒன்றோடொன்று படிவது அந்நேரத்தில்தான். அதில் அவசரப்பட்டால், எவ்வளவு கவனமாகத் தேர்ந்த கேமும் வீணாகிவிடும்.