பருவச் சொற்களும் ஒரு எலியும்

ஜப்பானியக் கடற்படையின் நாசகாரிக் கப்பல்களின் பெயர்களை அர்த்தத்தோடு ஒருமுறை வரிசையாகப் படித்தேன். ஃபுபுகி, பனிப்புயல். ஹட்சுயுகி, முதல் பனி. சுசுகாசே, குளிர்ந்த காற்று. ககெரோ, கானல். யூகுரே, அந்தி. கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்கினால் நம் பத்திரிகைகளின் கவிதைப் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காமல் அச்சாகிவிடும். அப்படித் தோன்றியதிலிருந்துதான் எனக்கு நிம்மதி போயிற்று.

இருபதுகளில் கட்டிய பல நாசகாரிகளுக்கு முதலில் வெறும் எண்கள்தான். 1928 ஆகஸ்டில் எண்களை எடுத்துவிட்டுப் பெயர் கொடுத்தார்கள். முதல்தரக் கப்பல்களுக்குக் காற்று, மழை, பனி, அலை. கவிதையில் பருவத்தைச் சுட்டும் சொற்களாகப் புழங்கியவை இவற்றில் பல. ஷிகுரே என்பது குளிர்காலத் தொடக்கத்தில் விட்டுவிட்டுப் பெய்யும் தூறல். 1694ல் இறந்த பாஷோவின் நினைவு நாளுக்கே அந்தத் தூறலின் பெயர்தான். 1916ல் பாரதி சுதேசமித்திரனில் எழுதி நமக்கு அறிமுகப்படுத்திய கவிதை உலகம் இது. அதே சொல் ஒரு கப்பலின் இரும்பில்.

இதை ராணுவத்தின் பாசாங்கு என்று ஒதுக்குவது சுலபம். ஆங்கிலேயரும் தங்கள் சிறு போர்க்கப்பல்களுக்குப் பூக்களின் பெயரை வைத்தார்கள். எனக்கு உறுத்துவது வேறு. படிமம் என்றால் அது அனுபவத்திலிருந்து பிறந்தது, ஆகவே பொய் சொல்லாது என்று நாம் பல வருஷமாக வாதாடி வந்திருக்கிறோம். இந்தப் பெயர்களோ எந்த இரும்பின்மீதும் ஒட்டிக்கொள்கின்றன.

இந்தக் கப்பல்கள் இரவுப் போருக்கென்றே உருவானவை. 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள டார்பீடோ, உள்ளே ஆக்ஸிஜன், நீரில் தடம் தெரியாத ஓட்டம். பெரிய கப்பல்களை இருட்டில் வீழ்த்துவதுதான் கனவு. 1942ல் குவாடல்கனால் தீவில் கிடைத்த வேலை அரிசி சுமப்பது. விமானத்தளம் அமெரிக்கர் கையில். பகலில் மெதுவான சரக்குக் கப்பல் நெருங்க முடியாது. வேகமான நாசகாரிகள் இரவில் போய் விடிவதற்குள் விமானங்களின் எல்லையைத் தாண்டியாக வேண்டும். உபரி டார்பீடோக்களை இறக்கிவிட்டு, மிதப்பதற்காக முழுக்க நிரப்பாத இரும்புப் பீப்பாய்களைக் கயிற்றில் கோத்து ஏற்றினார்கள். கரைக்கருகில் தள்ளிவிட வேண்டும். கயிற்றின் நுனி கரைக்கு வந்தால் பசித்த சிப்பாய்கள் இழுத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 30 இரவு டஸ்ஸஃபரோங்காவில் தனாகாவின் எட்டு நாசகாரிகள் நான்கு அமெரிக்க க்ரூசர்களை டார்பீடோக்களால் தாக்கின. ஒன்று மூழ்கியது. ஜப்பானியத் தரப்பில் போனது ‘உயர்ந்த அலை’ என்று பொருள்படும் டகானாமி. சரித்திரப் புத்தகங்கள் இதை ஜப்பானின் வெற்றி என்கின்றன. ஆனால் அன்று அரிசி கரை சேரவில்லை. டிசம்பர் 3ல் 1,500 பீப்பாய்களைத் தள்ளினார்கள். கரையேறியவை 310.

அமெரிக்கர் இந்தப் பயணங்களை டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்றார்கள். போனவர்களே சொன்ன பெயர் ‘எலிப் போக்குவரத்து’. குவாடல்கனாலின் முதல் அசையைப் பசியைக் குறிக்கும் எழுத்தால் எழுதி, பட்டினித் தீவு என்றார்கள். ஃபுபுகிகளும் ஷிகுரேக்களும் பெயர் வைப்போர் மேசையில் பிறந்தவை. எலி, இருட்டில் தானியத்தோடு ஓடியவன் வாயில் பிறந்தது. படிமம் என்று எதையாவது சொல்வதானால் அந்த எலியைத்தான் சொல்வேன். அதில் அழகு இல்லை என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

1943 பிப்ரவரியில் மூன்று இரவுகளில், எஞ்சியிருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரை இதே கப்பல்கள்தான் அள்ளி வந்தன. ஷிகுரே அந்த ஆகஸ்டில் வெல்லா வளைகுடாவில் தப்பியது. கூட வந்த மூன்றும் மூழ்கின. 1944 அக்டோபரில் சுரிகாவ் ஜலசந்தியிலிருந்து நிஷிமுராவின் படையில் அது மட்டும் மீண்டது. 1945 ஜனவரி 24ல் சயாம் வளைகுடாவில் ஒரு நீர்மூழ்கியின் டார்பீடோ அதையும் முடித்தது. ஃபுபுகி இனத்தின் 24 கப்பல்களில் யுத்தம் முடிந்தபோது இருந்தவை இரண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் ஹிபிகி, எதிரொலி.

ஜப்பான் இன்று நாசகாரி என்ற சொல்லைத் தன் கப்பல்களுக்கு உபயோகிப்பதில்லை. பாதுகாப்புக் கப்பல் என்கிறது. 1996ல் சேவைக்கு வந்த ஒன்றுக்கு வைத்த பெயர் முராசமே. திடீரென்று பெய்து ஓயும் மழை.