புது மீன் தொட்டியில் மீன்கள் அடுத்தடுத்து சாவது ஏன்? ஃபில்டருக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத 'துப்புரவுப் படை'

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடுது. ஆனாலும் வாங்கி வந்த ஒன்றிரண்டு வாரத்தில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கி, ஒவ்வொன்றாகச் செத்துப் போகின்றன. மீன் வளர்க்கத் தொடங்கும் பலரும் சந்திக்கும் சிக்கல் இது. "கடைக்காரர் நோய் பிடிச்ச மீனைக் கொடுத்துட்டார்" என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பல நேரங்களில் உண்மையான காரணம், அந்தத் தொட்டியில் இன்னும் குடியேறாத நுண்ணுயிரிகள்தான்.

தெளிவான தண்ணீரிலும் விஷம்

மீன்கள் தங்கள் கழிவின் பெரும்பகுதியை செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட தீவனம், அழுகும் இலை ஆகியவையும் அமோனியாவாக மாறும். குளத்தில் இது பரவிக் கரைந்துவிடும். இரண்டு அடி தொட்டியில் அது எங்கே போகும்? அமோனியாவுக்கு நிறமும் இல்லை. அதனால் தண்ணீர் தெளிவாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இதில் பி.எச். அளவுக்கும் பங்கு உண்டு. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகம் தீங்கு செய்யாத அமோனியம், மற்றொன்று செவுளைத் தாக்கும் அமோனியா. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது ஒரே ஒரு புள்ளி ஏறினால் விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஒரே கடையில் ஒரே மீனை வாங்கிய இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் மீன் சாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஃபில்டரின் நிஜமான வேலை

ஃபில்டர் என்றால் அழுக்கை வடிகட்டும் கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சும் செராமிக் துண்டுகளும் நுண்ணுயிரிகள் ஒட்டி வாழ்வதற்கான வீடு. மோட்டார் அவற்றுக்கு அமோனியாவையும் ஆக்சிஜனையும் கொண்டு போய்ச் சேர்க்கிறது.

ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இதுவும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், ரத்தமே பழுப்பு நிறமாகும். இன்னொரு கூட்டம் இந்த நைட்ரைட்டை, ஓரளவு தாங்கக்கூடிய நைட்ரேட்டாக மாற்றும். இரண்டு வேலையும் நடந்தால்தான் மீன் பிழைக்கும்.

பாடப்புத்தகம் சொன்னது சரிதானா?

இந்த வேலையைச் செய்வது யார்? நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் என்றுதான் மீன் வளர்ப்பு புத்தகங்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வந்தன. மண்ணிலும் கழிவுநீரிலும் பார்த்ததை அப்படியே மீன் தொட்டிக்கும் பொருத்திவிட்டார்கள். தொட்டியையே சோதித்தபோது கதை மாறியது.

நன்னீர் தொட்டிகளில் நைட்ரைட்டைக் கையாள்வது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியா என்று 1998-ல் திமோதி ஹோவனெக் குழுவினர் காட்டினர். 2005-ல் அடுத்த ஆச்சரியம். அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் உள்ள கடல்நீர் தொட்டி ஒன்றில் இருந்து, அமோனியாவை உண்டு வாழும் ஓர் ஆர்க்கியா பிரித்தெடுக்கப்பட்டது. ஆர்க்கியா பார்க்க பாக்டீரியா போல இருந்தாலும் முற்றிலும் வேறு உயிர்ப் பிரிவு. அந்த வேலையைச் செய்யும் ஆர்க்கியாவை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியது அதுவே முதல் முறை.

2011-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27 நன்னீர் தொட்டிகளின் ஃபில்டர்களை மரபணு சோதனை செய்தார்கள். 23-ல் ஆர்க்கியாக்களின் கையே ஓங்கியிருந்தது. 12 தொட்டிகளில் அமோனியாவைக் கையாளும் பாக்டீரியாவின் மரபணுவே தென்படவில்லை. கடையில் பாட்டிலில் விற்கும் இரண்டு 'நல்ல பாக்டீரியா' திரவங்களையும் சோதித்தார்கள். அவற்றில் பாக்டீரியா நிறைய இருந்தது, ஆர்க்கியா இல்லவே இல்லை! அமோனியா குறைவான தொட்டிகளில்தான் ஆர்க்கியா அதிகம் என்பதையும் அந்த ஆய்வு கண்டது. பாட்டில் திரவம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஊற்றிய மறுநாளே தொட்டி தயார் என்று நம்பிவிடக் கூடாது.

2015-ல் இன்னொரு திருப்பம். இரண்டு கட்ட வேலையையும் தனி ஆளாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அதில் நெதர்லாந்து குழு தன் மாதிரியை எடுத்தது மீன் பண்ணை ஒன்றின் ஃபில்டரில் இருந்து. 100 ஆண்டுகளுக்கு மேல் 'இரண்டு பேர் வேலை' என்று நம்பப்பட்டது இது.

அப்போ வீட்டில் என்ன செய்வது?

முதல் விஷயம் பொறுமை. ஈ.கோலை பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவை அப்படியில்லை, பல மணி நேரம் முதல் ஒரு நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். அதனால் புதுத் தொட்டி பழக 4 முதல் 6 வாரம் ஆகலாம். டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகு, மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. தெரிந்தவரின் பழைய தொட்டியில் இருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு நன்றாகக் குறையும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பளிச்சென்று கழுவும் ஆசையை விடணும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்தால், குளோரின் கலந்த தண்ணீர் அந்தப் படையையே அழித்துவிடும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் லேசாக அலசினால் போதும். எல்லா ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் மாற்றவும் கூடாது.

கரண்ட் கட் ஆனால்? மூடிய ஃபில்டர் டப்பாவுக்குள் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும், நுண்ணுயிரிகள் சாகத் தொடங்கும். நீண்ட நேர மின்தடை என்றால் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே போட்டு வைக்கலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இருந்தால் இன்னும் நல்லது.

மிச்சம் இருப்பது நைட்ரேட். இதை ஃபில்டர் பெரிதாகக் குறைக்காது. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதுதான் வழி. மாநகராட்சித் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விட்ட பிறகே ஊற்ற வேண்டும். வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி ஒரு மணி பிளான்ட் கொடியைத் தொட்டி ஓரத்தில் செருகி வைத்தால், அதுவும் கொஞ்சம் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும்.